நாட்குறிப்பும் தரவுக் கிடங்கும்

நாட்குறிப்பு எழுத விரும்புவோர் இனிக் காகிதத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, கைப்பேசியில் அதற்கென அமைந்த செயலியே எல்லா வகையிலும் மேலானது, இன்னும் குறிப்பேட்டை விடாதவர்கள் பழமைப் பற்றினால்தான் அவ்வாறு இருக்கிறார்கள் என்னும் கருத்து இன்று படித்தவர்களிடையே ஏறத்தாழ ஒப்பமுடிந்த ஒன்றாகிவிட்டது. அதை உரிய வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுப்பது முறை. செயலியில் எழுதப்பட்டது நொடியில் தேடிக் கிடைக்கும். எழுதிய கணமே தொலைவிலுள்ள வழங்கிகளில், அதாவது நிறுவனங்கள் நடத்தும் சேமிப்புக் கணினிகளில், அதன் நகல் சேர்ந்துவிடுவதால் தீயும் நீரும் அதைத் தொடா. கடவுச்சொல் இருப்பதால் வீட்டார் புரட்டிப் பார்க்க முடியாது. கைப்பேசி எப்போதும் கையில் இருப்பதால் எழுதுவதற்குத் தனி நேரமும் மேசையும் வேண்டா. படமும் இடமும் வானிலையும் எழுதுபவர் கேட்காமலேயே குறிப்போடு ஒட்டிக்கொள்ளும். பிழையைத் தடயமின்றித் திருத்தலாம். இவற்றுக்கு எதிரே காகிதம் வைக்கும் சான்று மெலிந்ததாகவே தோன்றும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது தரைத்தள வீடுகளின் அலமாரிகளில் கூழாகிப்போன தாள்களைக் கண்டவர்களும், பரணிலிருந்து இறக்கிய குறிப்பேட்டில் கரையான் தின்றது போக அட்டை மட்டும் மிஞ்சியிருக்கக் கண்டவர்களும், காகிதத்தின் நிலைபேற்றைப் பற்றிய பேச்சைப் புன்னகையோடுதான் கேட்பார்கள்.

இக்கருத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. அமெரிக்கப் பொறியாளர் வன்னெவர் புஷ் 1945 ஜூலையில் அட்லாண்டிக் மந்த்லி இதழில் எழுதிய கட்டுரையில், ஒருவர் தம் நூல்கள், பதிவுகள், கடிதங்கள் அனைத்தையும் நுண்படச்சுருளில் அடக்கி, வேண்டும்போது எடுத்துப் பார்க்க உதவும் மேசை வடிவப் பொறி ஒன்றைக் கற்பனை செய்து, அதற்கு மெமெக்ஸ் என்று பெயரிட்டார். அந்தக் கற்பனையை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கார்டன் பெல் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தம்மீதே நிகழ்த்திப் பார்த்தார். தம் காகிதங்கள், மின்னஞ்சல்கள், தொலைபேசி உரையாடல்கள், கழுத்தில் மாட்டிய கருவி தானாக எடுத்த படங்கள் என வாழ்வின் சுவடுகளையெல்லாம் கணினியில் சேர்த்த அத்திட்டம் மைலைஃப்பிட்ஸ் எனப்பட்டது. ஜிம் கெம்மலோடு சேர்ந்து அவர் 2009இல் வெளியிட்ட நூல், எதையும் மறக்க வேண்டியிராத காலத்தை வரவேற்றது. இன்றைய நாட்குறிப்புச் செயலிகள் அந்த இலட்சியத்தின் சில்லறை வடிவங்களே.

பிழை அந்த இலட்சியத்திலேயே தொடங்குகிறது. நாட்குறிப்பு என்று இங்கே குறிக்கப்படுவது, ஒருவர் தம் நாள்களைப் பற்றித் தமக்கே எழுதிக்கொள்ளும் தொடர்ச்சியான எழுத்து. பால் கணக்கு, கூட்டக் குறிப்பு, மருந்துப் பட்டியல், முடிக்க வேண்டிய வேலைகளின் வரிசை ஆகியவை இதில் அடங்கா. அவற்றுக்குக் கைப்பேசியே ஏற்றது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தேடல், நகல், தானியங்கிச் சேகரிப்பு, தடயமற்ற திருத்தம் என்று செயலியின் சிறப்புகளாக அடுக்கப்படுபவை அனைத்தும் ஒரு கிடங்கின் சிறப்புகள். நாட்குறிப்பின் பணி சேமித்து வைப்பதே என்று முன்கூட்டி முடிவுசெய்துகொண்டவர்க்கு மட்டுமே அவை வெல்லும் வாதங்கள். நடந்தவற்றுள் எது தமக்குப் பொருட்டு என்பதை ஒருவர் நாளின் முடிவில் எவர் தூண்டுதலுமின்றித் தாமே தெரிந்தெடுப்பதும், அந்தத் தெரிவை அன்றைய கோலத்திலேயே விட்டுவைப்பதும்தான் நாட்குறிப்பு செய்யும் வேலை. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மேற்சொன்ன சிறப்புகளுள் சில பயனற்றவையாகவும் சில கேடானவையாகவும் நிற்கின்றன.

காகிதத்தின் தரப்பிலும் களைய வேண்டியவை உண்டு. புதுத்தாளின் மணம், பேனா முனையின் உரசல் என்னும் வகையான பேச்சு விற்பனையாளர்களின் பேச்சு; அதை வாதமாகக் கொள்ள முடியாது. கையால் எழுதுவது மூளைக்கு நல்லது என்று அறிவியல் நிறுவிவிட்டது என்னும் கூற்றும் அத்தனை உறுதியானதன்று. பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்களைவிடக் கையால் குறிப்பெடுத்தவர்கள் கருத்துகளை நன்கு உள்வாங்கியதாகக் கூறியது. ஆனால் அதே சோதனையைப் பின்னர் திரும்ப நிகழ்த்தியவர்களுக்கு அம்முடிவு அவ்வளவு தெளிவாகக் கிட்டவில்லை. 2024இல் நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து, கையெழுத்தின்போது மூளைப் பகுதிகளிடையே இணைப்பு மிகுதி என்று அறிவித்ததும் உலகெங்கும் காகிதத்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அம்மாணவர்கள் எழுதியது தொடுதிரையின் மேல், மின்பேனாவால். தட்டச்சு செய்ததோ ஒற்றை விரலால். காகிதத்தை நாடுவோர் இவ்வாய்வைத் தம் பக்கச் சாட்சியாக அழைப்பது நேர்மையாகாது. சாட்சி இல்லாமலேயே வழக்கு நிற்கும்.

1. தேடல்

எதைத் தேடுவது? மின்பதிவின் முதற்பெருமையாகச் சொல்லப்படும் தேடல், தேடுபவர்க்குத் தாம் தேடும் சொல் முன்பே தெரியும் என்னும் எடுகோளின் மேல் நிற்கிறது. நாட்குறிப்பைத் திரும்பப் புரட்டுபவர் கேட்கும் கேள்விகள் அப்படிப்பட்டவை அல்ல. அந்த நட்பில் கசப்பு எப்போது புகுந்தது, அந்த வேலையில் மனம் எந்த மாதத்தில் விட்டுப்போனது என்பவற்றுக்குத் தேடுசொல் கிடையாது. ஏனெனில் கசப்பு புகுந்த வாரத்தில் எழுதியவர் அதைக் கசப்பு என்று அறிந்திருக்கவில்லை, அறிந்திருந்தாலும் அந்தப் பெயரிட்டு எழுதியிருக்கமாட்டார். அடுத்தடுத்த பக்கங்களில் ஒருவரைப் பற்றிய பேச்சு குறைந்துவருவதைக் கண் காணும். இல்லாத சொல்லை எந்தத் தேடற்பொறியும் கண்டுபிடிக்காது.

தமிழில் எழுதுவோர்க்கு இந்தச் சிறப்பு இன்னும் மெலிந்தே கிடைக்கிறது. தமிழ்ப் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது உருத்திரிவது. எழுத்துகளை வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய தேடல் அதை அறியாது. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ என்று எழுதிய இடங்கள் அகப்படா. ‘மரம்’ என்றால் ‘மரத்தடி’ அகப்படாது. ‘ஆறு’ என்றால் ‘ஆற்றங்கரை’ தப்பிவிட, ‘ஆறு மணி’ வந்து நிற்கும். எழுத்துக்கூட்டலைச் சொல்லத் தேவையில்லை. நாட்குறிப்பு எழுதுபவர் பேச்சு வழக்கில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவார்.

தேடலே கூடாது என்பதன்று இம்மறுப்பு. குறிப்பேட்டில் வேண்டிய இடத்தைக் கண்டடையும் முறைகள் கணினிக்கு இரண்டரை நூற்றாண்டுகள் முற்பட்டவை. மெய்யியலாளர் ஜான் லாக், பலவகைக் குறிப்புகளைத் தொகுத்தெழுதும் ஏட்டுக்கு, தலைப்புச்சொல்லின் முதலெழுத்தையும் அதையடுத்த உயிரெழுத்தையும் கொண்டு இரண்டே பக்கங்களில் சுட்டி அமைக்கும் வழியை 1686இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். நம் காலத்தில் புல்லட் ஜர்னல் என்ற பெயரில் பரவிய குறிப்பேட்டு முறை, பக்க எண்ணும் சுட்டியும் கொண்டு முழுக்கக் காகிதத்தில் இயங்குவது. அதை வகுத்து 2013இல் வெளியிட்ட ரைடர் கேரல், நியூயார்க் நகரின் புரூக்ளினில் மின்னணுப் பொருள்களை வடிவமைப்பதைத் தொழிலாகக் கொண்டவர். சுட்டி எழுதுவதற்குத் தேடலில் இல்லாத ஒரு பயன் உண்டு: இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று எழுதியவர் தாமே ஒருமுறை முடிவுசெய்தாக வேண்டும்.

2. தானே வந்து சேரும் நினைவுகள்

யாருடைய நாள் அது? இந்தக் கேள்வியை எழுப்புமளவுக்கு நிலைமை சென்றுவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2023 டிசம்பரில் தன் ஐஃபோன்களுக்கு வழங்கிய ஜர்னல் என்னும் செயலி, அன்று எடுத்த படங்கள், சென்ற இடங்கள், கேட்ட பாடல்கள், செய்த உடற்பயிற்சி ஆகியவற்றிலிருந்து எதைப் பற்றி எழுதலாம் என்று தானே பரிந்துரைக்கிறது. வெற்றுப்பக்கத்தின் முன் திகைப்பவர்க்கு இது உதவி என்கிறார்கள். உண்மையில் இங்கே நிகழ்வது நாட்குறிப்பின் முதற்பணியாகிய தெரிவு, எழுதுபவரிடமிருந்து பொறிக்குக் கைமாறுவதே.

பொறி எதைத் தெரிந்தெடுக்கும்? தன் உணரிகளுக்கு எட்டியதை. கடற்கரைக்குச் சென்றது எட்டும். நான்கு கிலோமீட்டர் நடந்தது எட்டும். பிறந்தநாள் விருந்தில் எடுத்த 30 படங்கள் எட்டும். அதே விருந்தில் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தது எட்டாது. நாள் முழுவதும் ஒரே அறையில் இருந்து, ஒரு கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று எண்ணி, எழுதாமலே விட்டவருடைய நாள் பொறியின் கணக்கில் நிகழாத நாள். இப்படியொரு வடிகட்டியின் வழியே பத்தாண்டுகள் நாட்குறிப்பு எழுதும் ஒருவர், தம் வாழ்வு பயணங்களாலும் விருந்துகளாலும் ஆனது என்று தாமே நம்பத் தொடங்கினால் வியப்பதற்கில்லை.

இதன் அடுத்த கட்டமும் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவைக் கொண்ட சில செயலிகள் எழுதியதைப் படித்து மறுமொழி கூறுகின்றன, ஆறுதல் சொல்கின்றன, மேலும் ஒரு கேள்வி கேட்கின்றன. மறுமொழி கூறும் ஒன்றின் முன்னால் எவரும் தமக்கே எழுதுவதில்லை. கேட்பவர்க்கு ஏற்பவே எழுதுகிறார்கள். பதில் பேசாத ஒன்றிடம் பேசுவதால்தான் நாட்குறிப்பில் பிறரிடம் சொல்லாதவை வெளிப்படுகின்றன என்பதை இத்தனை நூற்றாண்டுப் பழக்கத்துக்குப் பின்னும் ஒரு குறையாகக் கண்டு, அதை நீக்கப் புறப்பட்டிருக்கிறார்கள்.

எப்போதும் கையில் இருப்பது என்னும் வசதியும் இதனோடு சேர்ந்ததே. எழுதும் கருவியே செய்தியும் அழைப்பும் விளம்பரமும் வந்திறங்கும் கருவியாகவும் இருக்கையில், நாளிலிருந்து ஓரடி விலகி நின்று பார்ப்பதற்கென ஒதுக்கிய பத்து நிமிடங்களுக்குள் அந்த நாள் மீண்டும் புகுந்துவிடுகிறது. அறிவிப்புகளை அணைத்துவைக்கலாமே என்பார்கள். அணைத்துவைக்கலாம், நாள்தோறும், ஒருபோதும் மறவாமல்.

3. தடயமற்ற திருத்தம்

திருத்த முடிவது நன்மைதானே? கடிதத்துக்கு நன்மை, கட்டுரைக்கு நன்மை. நாட்குறிப்பின் மதிப்போ, அன்று அவ்வாறு நினைத்தேன் என்பதற்கு அது சான்றாக நிற்பதில் இருக்கிறது. இன்று நாணம் தரும் ஒரு தீர்ப்பை ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதியவர், அதை இன்று ஓசையின்றி மாற்றிவிட முடியுமாயின், அவரிடம் இருப்பது ஐந்தாண்டுகளுக்கு முந்தைய நாட்குறிப்பு ஆகாது, பழைய தேதியிட்ட இன்றைய எழுத்தாகும். மாற்றமாட்டார் என்று சொல்லிப் பயனில்லை. மாற்றியிருக்கலாம் என்ற ஐயமே சான்றின் வலுவைக் கெடுக்கப் போதுமானது, அந்த ஐயம் எழுதியவர்க்கே எழும் என்பதுதான் இதில் வேடிக்கை.

தைத்த ஏட்டுக்கும் உதிரித் தாளுக்கும் உள்ள வேற்றுமையை இந்தியச் சட்டம் அறிந்தே வைத்திருக்கிறது. ஜெயின் டைரி வழக்கு என்று அறியப்பட்ட ஹவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் அளித்த தீர்ப்பு, கைப்பற்றப்பட்டவற்றுள் கட்டப்பட்ட குறிப்பேடுகளைச் அன்றைய சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறிய ‘ஏடு’ என்று ஏற்று, கோப்பிலிருந்த உதிரித் தாள்களை அவ்வாறு ஏற்க மறுத்தது. நினைத்தபோது உருவவும் செருகவும் இயலாதபடி கட்டப்பட்டிருப்பதே ஏட்டின் இலக்கணம் என்பது அதன் அடிப்படை. ஏட்டில் உள்ள பதிவு மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்றும் அதே தீர்ப்பு கூறியது என்பதால், இதைக் காகிதத்துக்குக் கிடைத்த நற்சான்றிதழாக நீட்டிச் சொல்வதற்கில்லை. எனினும் கட்டப்பட்ட ஏட்டில் கிழித்த பக்கம் பல்லிழந்த ஈறுபோல் தெரியும், அடித்த வரி அடித்ததாகவே இருக்கும் என்னும் எளிய உண்மையை நீதிமன்றம் பொருட்படுத்தியிருக்கிறது. செயலியை வியப்போர் பொருட்படுத்துவதில்லை. சில செயலிகள் பழைய வடிவங்களைச் சேமித்துவைப்பது உண்மையே. அவற்றை அழிக்கும் பொத்தானும் அருகிலேயே இருப்பதும் உண்மை.

4. மரம்

காகிதம் மரத்தை அழிக்கிறது என்னும் வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு குறிப்பேடு என்பது ஒரு வீட்டுக்கு வரும் அட்டைப்பெட்டிகளின் எடைக்கு அருகில்கூட வராது. 1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் புகளூரில் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்துவருவதை அறிந்தவர்கள் எல்லாக் காகிதத்தையும் மரமாகக் கணக்கிடமாட்டார்கள். ஜனவரி தோறும் நிறுவனங்கள் இலவசமாக வழங்கி, பெரும்பாலும் எவரும் எழுதாமலே எடைக்குப் போகும் டைரிகளைப் பற்றி வேண்டுமானால் இந்த வாதத்தை எழுப்பலாம்.

5. நிலைபேறு

காகிதம் அழியாதா? அழியும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்துச் செய்த தாள்கள் தம்முள் இருக்கும் அமிலத்தாலேயே பழுப்பேறி ஒடிந்துபோகின்றன. தமிழகத்தின் ஈரக்காற்றும் வெள்ளிப்பூச்சியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். எஞ்சிய நாட்குறிப்புகளை மட்டும் காட்டி, அழிந்தவற்றை எண்ணாமல் விடுவது போலி வாதம். ஆகவே ஒப்பிட வேண்டியது அழியுமா என்பதை அன்று, எப்படி அழிகிறது என்பதை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இங்கே எண்ணத்தக்கது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமாக, விளங்கிய அவர் 1736 செப்டம்பர் முதல் கால் நூற்றாண்டுக் காலம் தமிழில் எழுதிவந்தார். 1761 ஜனவரி 12இல் அவர் இறந்த சில நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. வென்றவர்கள் கோட்டையையும் நகரின் பெரும்பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாட்குறிப்பு பிழைத்தது. அதன்பின் 85 ஆண்டுகள் அதை வெளியுலகம் அறியவில்லை. 1846இல் கல்வா மோம்ப்ரேன் என்பவர் அதைக் கண்டறிந்து படியெடுக்கச் செய்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அச்சகம் 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. இடையிடையே காணாமற்போன பகுதிகள் உண்டு. அந்த இடைவெளிகள் இடைவெளிகளாகவே தெரிகின்றன; மிஞ்சியவை அவற்றால் படிக்க இயலாதவை ஆகிவிடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த 85 ஆண்டுகளை. அக்காலத்தில் எவரும் அந்நாட்குறிப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டவில்லை, புதிய வடிவத்துக்கு மாற்றவில்லை, கடவுச்சொல்லைப் புதுப்பிக்கவில்லை. இதற்கு நேரெதிராகக் கூகுள் நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவித்து அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கொள்கையை வைத்துப் பார்க்கலாம்: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, அவற்றிலுள்ள ஆவணங்களோடும் படங்களோடும் அந்நிறுவனம் நீக்கலாம். இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. கைவிடப்பட்ட கணக்குகள் திருடர்களின் கையில் சிக்கும் என்பது நேர்மையான காரணமே. ஆயினும் புறக்கணிப்பைத் தாங்குவதற்கான கெடு ஒன்றில் 85 ஆண்டுகள், மற்றொன்றில் இரண்டு. காகிதத்தின் நிலைபேறு என்று சொல்லத்தக்கது இந்தப் பொறுமையைத்தான். மறதி, நோய், மரணம், வாரிசுகளின் அலட்சியம் ஆகியவை நாட்குறிப்புகளுக்கு நேரும் இயல்பான விதி என்பதால், எவரும் கவனிக்காதபோது என்ன ஆகும் என்பதே இங்குச் சரியான சோதனை.

நிறுவனங்கள் நிலைத்திருக்கும் என்று நம்புவோர் அண்மைக்கால வரலாற்றையாவது நினைவுகூர வேண்டும். தனிநபர் வலைப்பக்கங்களுக்கு இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. இந்திய இளைஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த சமூக வலைத்தளமாகிய ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். மூடப்படாதவை கைமாறுகின்றன. குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் செயலிகளில் புகழ்பெற்ற எவர்நோட்டை இத்தாலிய நிறுவனம் ஒன்று வாங்கியபின், 2023இன் இறுதியில் கட்டணம் செலுத்தாத பயனாளர்கள் 50 குறிப்புகளுக்கு மேல் வைத்திருக்க இயலாதென வரம்பு வந்தது. பழைய குறிப்புகளைப் படிக்கத் தடையில்லை, புதியன சேர்க்கவே தடை; என்றாலும் குறிப்பேட்டின் 51ஆம் பக்கத்தில் எழுதுவதற்குக் காகித ஆலை பின்னாளில் வந்து பணம் கேட்டதில்லை.

நிறுவனம் நிலைத்தாலும் வடிவம் நிலைப்பதில்லை என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று பிரிட்டனின் டோம்ஸ்டே திட்டம். 1086ஆம் ஆண்டின் நிலக்கணக்கெடுப்பின் 900ஆம் நிறைவை ஒட்டி 1986இல் பிபிசி நிறுவனம் லேசர் வட்டுகளில் தொகுத்த நாட்டு வாழ்க்கைப் பதிவு, 15 ஆண்டுகளிலேயே அதை ஓட்டும் கருவிகள் அருகியதால் படிக்க இயலாமற்போகும் நிலையை அடைந்து, ஆய்வாளர்களின் தனி முயற்சியால் மீட்கப்பட்டது. தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டு ஏட்டை இன்றும் கண்ணால் படிக்கலாம். ஆனால் தமிழர்களுக்கு இச்சான்று பிரிட்டனிலிருந்து வரத் தேவையில்லை. 1990களில் கணினியில் தமிழ் எழுதியவர்கள் பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டு எழுதினார்கள். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டும் உத்தி அது, ஆதலால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே பக்கம் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியலாகவே தெரியும். இணையத் தமிழர்கள் திஸ்கி என்னும் குறியாக்கத்தை வகுத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகியவை தரங்களாயின. 2010இல் தமிழக அரசு ஒருங்குறிக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மாற்றித் தரும் கருவிகள் இருந்தன, இப்போதும் உள்ளன. எந்தக் குறியாக்கம் என்று அறிந்து, கருவியைத் தேடி, பொறுமையாக மாற்ற ஒருவர் இருந்தால் எதையும் மீட்கலாம். 1997இல் ஒருவர் கணினியில் எழுதிய தமிழ் நாட்குறிப்பை அவர் பேத்தி இன்று திறந்தால், அது தமிழ் என்பதே அவருக்குத் தெரியாமற்போகலாம். அக்காலக் கையெழுத்து வழக்கப்படி மெய்களுக்குப் பெரும்பாலும் புள்ளியிடாமல் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய தாளையோ, சற்றுப் பழகிய எவரும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறார்.

6. மறைவு

வீட்டார் கண்ணிலிருந்து காப்பது எது? செயலியின் தரப்பில் இதுவே மெய்யான வலிமையுள்ள வாதம். இதைத் தட்டிக்கழிப்பவர் பெரும்பாலும் தனியறையும் பூட்டும் உடையவராகவே இருப்பார். எழுதியதைக் கணவரோ மாமியாரோ படித்தால் அடி விழும் என்ற நிலையில் வாழும் பெண்ணுக்குத் தலையணை அடியில் இருக்கும் குறிப்பேடு ஆபத்தே. சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை லண்டனில் எழுதிய நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில் எழுதினார் என்று எடுத்துக்காட்டுவது அப்பெண்ணுக்கு விடையாகாது. கை நடுங்குவோர்க்கும் பார்வையற்றோர்க்கும் கருவி தரும் விடுதலையும் அவ்வாறே மறுக்க இயலாதது. இவர்கள் அளவில் இம்மறுப்பு நின்றுவிடுகிறது. ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கலாம்: அத்தகைய வீடுகளில் முதலில் பிடுங்கிப் பார்க்கப்படுவதும் கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தப்படுவதும் கைப்பேசியே.

ஏனையோர்க்கு இந்தப் பாதுகாப்பு அருகிலுள்ள கண்ணை விலக்கித் தொலைவிலுள்ள கண்ணை அழைப்பதாகவே முடிகிறது. எவர்நோட் நிறுவனம் 2016 டிசம்பரில், இயந்திரக் கற்றலைச் செம்மைப்படுத்துவதற்காகத் தன் ஊழியர்கள் சிலர் பயனாளரின் குறிப்புகளைப் படிக்க இடமளிக்கும் விதியை அறிவித்து, எழுந்த எதிர்ப்பைக் கண்டு சில நாள்களில் பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லதே; படிக்க முடியும் என்பது அதனால் தெரியவந்ததே செய்தி. இதற்கு மாற்றாக, எழுதுபவரின் கருவியில் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டாகிய முனைக்கு முனை குறியாக்கத்தைச் சில செயலிகள் வழங்குகின்றன. அங்கே இன்னொரு முட்டுச்சந்து. நிறுவனத்தால் படிக்க முடியாவிட்டால், திறவுகோலை மறந்தவர்க்கும் இறந்தவரின் வாரிசுக்கும் அதனால் திறந்து கொடுக்கவும் முடியாது. திறந்து கொடுக்க முடியுமானால் படிக்கவும் முடியும். இரண்டையும் ஒருங்கே வாக்களிக்கும் விளம்பரம் இரண்டில் ஒன்றில் பொய் சொல்கிறது. 2004இல் ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் மின்னஞ்சல்களை அவருடைய பெற்றோர் யாகூ நிறுவனத்திடமிருந்து நீதிமன்ற ஆணை வழியே பெற வேண்டியிருந்தது. ஆனந்தரங்கரின் வாரிசுகளுக்கு ஆணை தேவைப்படவில்லை.

இதோடு தொடர்புடைய மற்றொன்றும் உண்டு. ஏதோ ஒரு விசாரணைக்காகக் கைப்பேசி கைப்பற்றப்படும்போது, அவ்விசாரணையோடு தொடர்பே இல்லாத பத்தாண்டு நாட்குறிப்பும் அதனோடு சேர்ந்தே போகிறது. கடையின் கணக்கேட்டைக் கைப்பற்றியவர்கள் வீட்டுப் பெட்டியிலிருக்கும் குறிப்பேட்டையும் எடுக்க வேண்டுமானால், அதற்கென மற்றொரு கதவைத் தட்டியாக வேண்டும்.

மறைவின் கடைசி எல்லை அழித்தல். எழுதியவர் வேண்டாம் என்று முடிவுசெய்ததை மீளாதபடி அழிக்க முடிய வேண்டும். நிலைபேற்றுக்கு இணையான உரிமை இது, பேசப்படுவதே இல்லை. செயலியில் நீக்கு என்று அழுத்துபவர், பிற கருவிகளிலும் வழங்கியின் காப்பு நகல்களிலும் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை நிறுவனத்தின் சொல்லைக் கொண்டே நம்ப வேண்டும். நீரும் தீயும் தொடா என்று முன்பு போற்றப்பட்ட நகல்களே இப்போது எதிர்நிற்கின்றன. காகிதத்திலும் மறைத்தல் வேறு, அழித்தல் வேறு. மறைவிடம் ஒன்றில் ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க் 1942 செப்டம்பரில் தம் நாட்குறிப்பின் இரண்டு பக்கங்களைப் பழுப்புநிறத் தாள் ஒட்டி மூடினார். முக்கால் நூற்றாண்டு கழித்து, 2018இல், ஆய்வாளர்கள் அப்பக்கங்களை ஒளியூட்டிப் படமெடுத்து, பாலியல் பற்றிய சில வரிகளையும் குறும்பான நகைச்சுவைத் துணுக்குகளையும் படித்து வெளியிட்டார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி மறைக்க விரும்பியதை உலகுக்குக் காட்டியது முறைதானா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அச்சிறுமி அப்பக்கங்களைக் கிழித்து அந்த மறைவிடத்தின் அடுப்பில் இட்டிருந்தால் எந்த ஒளியும் அவற்றை மீட்டிருக்காது. ஏட்டின் தையலில் ஒட்டிநிற்கும் ஓரத்துணுக்கு மட்டும், இங்கே இரண்டு பக்கங்கள் இருந்தன என்று சொல்லியிருக்கும்.